எனக்குத் தாடி முளைத்த வருடம்

"வீட்டுல ஆம்பளையாளுக யாரும் இல்ல" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்ன குரல் ஓர் ஆணின் குரலாக இருந்தது. வாசலில் நின்றவர், இரண்டு வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து வந்திறங்கிய என் கணவர். என் ஆஸ்பத்திரிக் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆண்கள் பாதிப் பேர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள், மீதிப் பேர் அந்தக் கடைகளில் நின்றார்கள். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் உம்மாவும் நானும் மட்டும்தான். வேற்று ஆள் யாராவது கதவைத் தட்டினால் பெண்கள் முகம் காட்ட மாட்டோம். உள்ளே நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடுவோம். அன்று உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். மச்சான், அதாவது என் கணவர், தந்தி கொடுக்காமல் வந்துவிட்டார். என்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். ஆசை நன்றாகவே நிறைவேறியது, ஆள்தான் மாறிவிட்டது.

கதவுக்கு வெளியே எதையோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போயிற்று. உம்மா திரும்பி வந்தபோது வாசலில் ஒரு தகரப் பெட்டி மட்டும் இருந்தது. அதன் மேல் அவருடைய பெயர் எழுதியிருந்தது.

அந்தக் குரல் ஒரே நாளில் வந்ததல்ல. அவர் கப்பலேறிய ஆறாம் மாதம் எனக்கு மாதவிலக்கு நின்றது. அந்த ரமலானில் முப்பது நோன்பையும் விடாமல் பிடித்தேன். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பும் தொழுகையும் கிடையாது. ஆகவே முப்பதையும் முழுதாகப் பிடித்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்துத் தெருப் பெண்கள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்கள். "அதென்னடி, ஒனக்கு மட்டும் விட்ட நோன்பே இல்ல?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பு உம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கணவன் கடலுக்கு அப்பால் இருக்கும்போது மகளுக்கு விலக்கு நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று தெரியாதா? அதிலிருந்து உம்மா மாதம் ஒருமுறை, வருகிறவர்களிடம் எல்லாம், "அவளுக்குத் தொழுகை இல்ல" என்று தானாகவே சொல்லிவைத்தார். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு திருடியைப்போலத் தொழுதேன்.

பிறகு முகமெல்லாம் பரு. பிறகு மேலுதட்டில், மோவாயில், கடைசியில் கன்னத்திலும் முடி. தலையிலோ முடி உதிர்ந்து முன்நெற்றி மேலே ஏறியது. மார்பு வற்றியது. குரல் கரகரத்தபோது சளி என்று நினைத்து அதிமதுரத்தையும் சித்தரத்தையையும் இடித்துக் குடித்தேன். தினமும் காலையில் உம்மா என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்துச் சாமணத்தால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவார். பிடுங்கிய இடத்தில் மஞ்சளைப் பூசுவார். வெளியே போனால் இருக்கவே இருக்கிறது வெள்ளைத் துப்பட்டி. அதைப் போர்த்திக்கொண்டால் முகம் மறைந்துவிடும். மச்சானுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன், "இங்கு யாவரும் நலம்" என்று. கடிதத்தில் குரல் கேட்காது அல்லவா?

மச்சான் வாசலோடு திரும்பிப் போன அன்று சாயங்காலம் மாமி வந்தார். மச்சானின் தாயார், நல்லவர்தான், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். கதவுக்குப் பின்னால் கேட்டது மகளின் குரல்தான் என்று உம்மா சத்தியம் செய்து சொன்னதை அவர் நம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, "பேசு" என்றார். நான், "வாங்க மாமி" என்றேன். அவர் கையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எம் மவன் கேட்டது பொய்யில்ல" என்றார். "ஆனா இது அதைவிடப் பெரிய இடியால்ல இருக்கு. பொண்ணு ஆம்பளையா மாறிட்டா நிக்காஹ் எப்புடி நிக்கும்?"

அந்தக் கேள்வி மறுநாளே தெருவுக்குப் போய்விட்டது. மச்சான் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான்காம் நாள் வந்து, முற்றத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் உம்மாவிடம் பேசினார். "மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இவ பொம்பளதான்னு டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தரட்டும். அதைக் காட்டி எங்கும்மா வாயை அடைச்சிருவேன்."

எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. சந்தையில் வாங்கிய ஆட்டுக்குக்கூடச் சீட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் குரல் வருமே என்று பேசாமல் இருந்தேன். பஸ் ஏறும்போது அவர் என்னிடம் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை இதுதான்: "வழியில பேசாத புள்ள. எதுவும் வேணுமின்னா உம்மாட்ட சைகை காட்டு." ராமநாதபுரத்தில் ரயில் ஏறி மதுரை போய்ச் சேரும்வரை ஊமையாகவே போனேன். தண்ணீர் வேண்டும் என்பதற்குக் கட்டை விரலைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வரிசை ஒரு நீளமான வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தது. பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை தங்காதவர்கள், பிள்ளை அதிகமானவர்கள் எல்லாரும் ஒரே வரிசை. இரண்டு நாள் அங்கே உட்கார்ந்த பிறகுதான் டாக்டரம்மா முன்னால் போனேன். ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம், ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். முதலில் என்னை மஞ்சளைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். பிறகு ஜன்னலோரம் நிறுத்தி என் மோவாயைத் தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளா பிடுங்கறே?"

"ஒரு வருசமா."

குரலைக் கேட்டு அவர் முகம் மாறவே இல்லை. என் குரல் மாறியதிலிருந்து அதைக் கேட்டு முகம் மாறாத முதல் மனுஷி அவர்தான். எப்போது விலக்கு நின்றது, எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், "பத்து நாள் சாமணத்தைத் தொடக் கூடாது. உள்ளது உள்ளபடி பார்க்கணும்" என்று சொல்லி வார்டில் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பத்து நாளில் எனக்குத் தாடி வந்தது. துப்பட்டியை முகம்வரை இழுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் வேலம்மாள் என்று முதுகுளத்தூர்ப் பக்கத்து அம்மாள். மிளகாய் வெள்ளாமைக்காரி, கர்ப்பப்பையில் கட்டி என்று வந்தவர். நாற்பது வயது, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. மூன்றாம் நாள் அவரே என் துப்பட்டியை விலக்கிப் பார்த்தார்.

"இதுக்குத்தேன் இப்பிடிச் சுருண்டு கெடக்கியா? இங்கன பாரு" என்று தன் மேலுதட்டைக் காட்டினார். உண்மையிலேயே அங்கே ஒரு மீசை இருந்தது. "எங்க வம்சத்துல பொம்பளைக எல்லாருக்கும் உண்டு. எங்க அத்தைக்கு எம் புருசன விடக் கூடுதல். ஏழு புள்ள பெத்துச்சு."

நான் டாக்டரம்மாவிடம், அப்படியானால் என்னுடையதும் வம்சம்தானா என்று கேட்டேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். "பொம்பளை உடம்பிலும் ஆண் சுரப்பு கொஞ்சம் ஊறும். சோத்துல உப்பு மாதிரி, அது இல்லாமலும் ஆகாது. வேலம்மாளுக்கு மீசை வயசுக்கு வந்ததிலிருந்து இருக்கு. மாதவிலக்கு ஒழுங்கு, குரல் குரலாவே இருக்கு. அது நோய் இல்லை. உனக்கு எல்லாமே ஒரே வருஷத்துல, கிடுகிடுன்னு மாறியிருக்கு. எங்கேயோ உப்புச் சட்டி கவிழ்ந்து போச்சு. எங்கேன்னுதான் தேடணும்."

தேட வேண்டிய இடங்கள் இரண்டு என்றார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி ஒன்று. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் உள்ள சினைப்பை இன்னொன்று. அதற்காக ஒரு நாள் முழுவதும், இருபத்து நான்கு மணி நேரமும் கழிக்கும் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். அதை அளந்து, ஒரு பாட்டிலில் எடுத்து, மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். ஒரு வேளை தவறினாலும் கணக்குக் கெட்டுப்போகும்.

நர்ஸ் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தார். எனக்கு அது பெரிய இக்கட்டாகிவிட்டது. அசுத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தொழுவேன்? வீடும் போய், முகமும் போய், குரலும் போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஐந்து வேளைத் தொழுகை ஒன்றுதான். முதல் முயற்சியில் மதியத் தொழுகையான லுஹர் நேரம் வந்ததும் ஜாடியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தேன். தொழுதுவிட்டு வருவதற்குள் கூட்டுகிறவள் அதைக் கொட்டிக் கழுவிப் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்ததும் வேலம்மாள் கேட்டார், "இம்புட்டுத்தானா? ஒஞ் சாடிய எங் கட்டிலுக்கடியில வையி. எஞ் சாமி எதையும் கண்டுக்கிறாது." அந்த ஒரு நாள் முழுக்க என் ஜாடி அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நான் எழுந்து போகும்போதெல்லாம் அவரும் வலியோடு எழுந்து அதை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அப்போது குனியவே முடியாது. இப்போதும் தொழுது முடித்துக் கையேந்தினால் என் வீட்டாருக்குப் பிறகு அவருடைய பெயரைத்தான் சொல்கிறேன்.

மெட்ராஸிலிருந்து பதில் வரப் பதினைந்து நாள் ஆயிற்று. அதற்குள் சிறுநீரகத்தைச் சுற்றிக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். காற்று ஏறினால் சுரப்பியின் உருவம் நிழலாகத் தெரியுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகில் ஒரு நீளமான ஊசியும், இரண்டு நாள் உடம்பெல்லாம் ஊதின பந்தாக இருந்ததும்தான். உம்மா மதுரையில் உறவினர் வீட்டில் தங்கித் தினமும் தூக்குவாளியில் கஞ்சியும் மாசிச் சம்பலும் கொண்டுவருவார். ஒரு நாள் அவர் காதைப் பார்த்தேன். காது நிறைய அணியும் பொன் அலுக்கத்துகள் இல்லை. கேட்டதற்கு, "வெயிலுக்குக் காது கனக்குதும்மா, கழட்டி வச்சிட்டேன்" என்றார். நானும் நம்பியதாகவே காட்டிக்கொண்டேன்.

பதிலில் சுரப்பின் அளவு கொஞ்சம்தான் கூடியிருந்தது. தொப்பிச் சுரப்பி கெட்டிருந்தால் அது பல மடங்கு கூடியிருக்குமாம். எக்ஸ்ரேயிலும் தொப்பிச் சுரப்பிகள் ஒழுங்காக இருந்தன. டாக்டரம்மா மயக்க மருந்து கொடுத்து, வயிறு தளர்ந்திருக்கும்போது கை வைத்துப் பார்த்தார். இடது சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அந்தக் கட்டிதான் என் உடம்புக்குள் ஆண் சுரப்பைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மச்சானை அழைத்து வராந்தாவில் நிறுத்தி அதைச் சொன்னார். நான் சுவரோரமாக நின்று கேட்டேன். மச்சான் தயங்கித் தயங்கித் தன் சீட்டைக் கேட்டார்.

"கட்டி இருக்குன்னு எழுதித் தாரேன். வெட்டி எடுத்தேன்னு எழுதித் தாரேன்" என்றார் டாக்டரம்மா. "இவ பொம்பளைன்னு எழுதித் தர மாட்டேன். தலைவலி வந்தா நீ ஆம்பளையான்னு நான் கேட்கிறேனா? சந்தேகம் உன்னோடது. அதுக்கு இங்கே மருந்து இல்லை."

மச்சான் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, உள்ளூரச் சந்தோஷமும் வந்தது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அறுவை அன்று காலையில் மயக்கத்துக்காக மூக்கில் வைத்த ஈதரின் நாற்றம் இன்றும் நினைத்தால் குமட்டும். செத்துப்போவேன் என்று பயந்தேன். அதைவிட, பிழைத்து எழுந்து அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்புவேனோ என்று அதிகம் பயந்தேன். கண் விழித்தபோது தொண்டை பாலைவனமாக இருந்தது. உம்மா ஈரத் துணியால் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். கட்டி தனியாக, சுத்தமாக வந்துவிட்டது என்றார்கள். வலது சினைப்பை நன்றாக இருப்பதாகவும், பிள்ளை பெறலாம் என்றும் சொன்னார்கள். தையலில் சீழ் வைத்ததால் பெனிசிலின் ஊசி போட்டு மேலும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். இன்று யோசித்தால் என் வாழ்க்கையில் அந்த ஒரு மாதம்போல் சிரித்த மாதம் இல்லை. வேலம்மாளுக்கும் அறுவை முடிந்திருந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரியாத அளவுக்குச் சிரிப்போம். வார்டில் எல்லாருக்கும் என் குரல் பழகிவிட்டது. யாரையாவது வராந்தாக் கடைசியிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் நர்ஸ் என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் எனக்கு விலக்கு வந்தது. பல்லைக் கடித்து அழுதேன், சந்தோஷத்தில். உம்மா உள்ளே வந்ததும், "எனக்குத் தொழுகை இல்லம்மா" என்றேன். ஒன்றரை வருடம் அவர் ஊருக்குச் சொன்ன பொய்யை நான் அவருக்கு உண்மையாகச் சொன்னேன். உம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலம்மாள் எனக்குப் பூ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

பரு அடங்கியது. முடி மெலிந்து பூனைமயிராகிக்கொண்டு வந்தது. குரல் மட்டும் அப்படியே நின்றது. டாக்டரம்மா அதையும் மறைக்கவில்லை. "குரல்வளை ஒரு தடவை பருத்துட்டா திரும்பச் சுருங்காது பாத்திமா. கொஞ்சம் மெத்தென்று ஆகலாம். பழைய குரல் வராது" என்றார். மச்சானும் அப்போது நின்றிருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த எட்டு நாள் வரவில்லை. மாமி காயல்பட்டினத்தில் ஒரு பெண் பார்த்திருப்பதாக உறவினர் வீட்டில் பேச்சு அடிபட்டது. உம்மா என்னிடம் சொல்லவில்லை. ஆனால் கஞ்சியில் உப்புப் போட மறந்தார், எனக்கே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மச்சான் வந்தார். கையெழுத்துப் போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வேலம்மாள் வாசல்வரை வந்து, "குரல அடக்கிக்கிட்டுத் திரியாத தாயி" என்றார். ரயிலில் உம்மாவையும் என்னையும் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு மச்சான் அடுத்த பெட்டிக்குப் போனார். இந்த முறை பேசாதே என்று சொல்லவில்லை. பேசு என்றும் சொல்லவில்லை. என்னை உம்மா வீட்டில் விட்டுவிட்டு அப்படியே கப்பலேறப் போகிறாரா, இல்லை இருக்கப் போகிறாரா என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மானாமதுரையில் நின்ற ரயில் கிளம்பத் தொடங்கியிருந்தது. ஒரு சின்னப் பெண் குழந்தை திறந்த கதவருகே போய் வெளியே எட்டிப் பார்த்தது. அதன் தாய் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தாள். "கதவுல புள்ள, புடிங்க!" என்று கத்திவிட்டேன். யாரோ பாய்ந்து குழந்தையை இழுத்தார்கள்.

அடுத்த நொடி பெட்டியே என்னைப் பார்த்தது. தலைமுதல் கால்வரை துப்பட்டி போர்த்திய உருவம், அதற்குள்ளிருந்து ஆண்குரல். "பொம்பளப் பெட்டியில ஆம்பள ஏறியிருக்கான்" என்று ஒருத்தி அலறினாள். இன்னொருத்தி சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். உம்மா, "எம் மகம்மா, எம் மக" என்று கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. ரயில் நின்றது. கார்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்து என்னை நடைமேடையில் இறங்கச் சொன்னார்கள். கூட்டம் கூடிவிட்டது. துப்பட்டியை எடுக்கச் சொல்லி ஒருவர் கை நீட்டினார்.

மச்சான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். செருப்பு ஒன்று கழன்று எங்கோ போயிருந்தது. நீட்டிய கைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அது எம் பொஞ்சாதி."

"குரல் ஆம்பளைக் குரலா இருந்துச்சே?" என்றார் கார்டு.

டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது, எனக்குத் தெரியும். அதை எடுத்து நீட்டியிருந்தால் கட்டி, அறுவை எல்லாம் கார்டுக்கு விளங்கியிருக்கும். அவர் கை பைப் பக்கமே போகவில்லை.

"அவ குரல் அப்படித்தாங்க" என்றார். "எனக்குப் பழகிருச்சு."

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது; கொழும்பிலிருந்து அவர் வந்திறங்கிய அந்தக் கப்பல்துறையும் இல்லை, அங்கே போன ரயிலும் இல்லை. எங்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள். அன்று நடைமேடையில் அவர் சொன்னது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பழகவில்லை. அதற்குப் பிறகும் வெகு காலம், இருட்டில் நான் கூப்பிட்டால் அவர் உடம்பு ஒரு கணம் திடுக்கிடும். ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல், அது மெய்யாகும்வரை என் பக்கத்திலேயே இருந்தார்.